பதினோரு வருடப் புண்

ராயபுரத்தில் நோட்டீஸ் எழுதுவதில் எனக்கு இணை யாரும் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை. எழுதுகிறவனே நான் ஒருவன்தான்.

1949இல் வேதமாணிக்கம் என்னை வேலைக்கு வைத்துக்கொண்டார். திருநெல்வேலிப் பக்கத்து ஆள். திருவொற்றியூர் போகும் சாலையில் மருந்துக்கடை வைத்திருந்தார். 'வேதமணித் தைலம்' என்று ஒன்று காய்ச்சியிருந்தார். அதில் என்ன இருக்கிறது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். அவருக்கும் தெரியாது என்பது என் எண்ணம்.

நோட்டீஸ் எழுத ஒரு கணக்கு உண்டு. பத்து வருடப் புண் என்று போட்டால் படிக்கிறவன், சும்மா அடித்து விடுகிறான் என்பான். பதினோரு வருடம் என்றால், எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறார்கள் என்பான். மருந்தைப் பற்றி ஒரு குறையும் சொல்ல வேண்டும். 'வாடை மட்டும் சற்றுப் பிடிக்காது' என்று எழுதினேன். குறையை ஒப்புக்கொள்கிறவன் பொய் சொல்லமாட்டான் என்று ஜனங்கள் நினைக்கிறார்கள், பாவம். கடைசியாக, குணமான ஆளுக்கு ஊரும் பேரும் வேண்டும். அன்றைக்கு நல்ல வெயில். பேர் யோசிக்கச் சோம்பல்பட்டு என் மனைவி பேரையே போட்டுவிட்டேன். 'ராயபுரம் இருதயம்மாள், காலில் பதினோரு வருடமாக ஆறாத புண், தைலம் தடவிய இருபத்தேழாம் நாள் மாதா கோயில் பூசைக்கு நடந்தே போனார்.'

அவள் காலில் அப்போது ஒரு கீறல்கூட இல்லை.

நோட்டீஸ் வந்த நாலாம் நாள் பக்கத்துத் தெருவில் ஆப்பம் சுடுகிற காத்தூன் பீவி நொண்டிக்கொண்டே வந்தாள். "அந்த இருதயம்மாள் நீதானாம்மா?" என்று கேட்டாள். என் மனைவி என்னைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், ஆமாம் என்றாள்.

ஏன் ஆமாம் என்றாய் என்று பிறகு கேட்டேன். "அந்தப் பொம்பள மூஞ்சியப் பாத்துட்டு இல்லேன்னு எப்டிய்யா சொல்றது?" என்றாள்.

அதிலிருந்து ஆள் வந்துகொண்டே இருந்தது. குழாயடியில் கேட்டார்கள், கோயில் வாசலில் கேட்டார்கள். அவளும் சொன்னாள். சொல்லச் சொல்லக் கதை வளர்ந்தது. புண்ணிலிருந்து முள் போல ஒன்று வெளியே வந்ததாம். அது நான் எழுதாதது. என்னுடையதைவிட அவளுடையது நன்றாக இருந்தது. வயிற்றெரிச்சலாக இருந்தது எனக்கு. போதாததற்குக் காத்தூன் பீவிக்குக் கால் புண்ணும் ஆறிவிட்டது.

மூன்றாம் வருடம் காசிமேட்டில் மீன் வாங்கப் போன இடத்தில் இருதயத்துக்குக் காலில் முள் குத்தியது. புண்ணாகி, ஆறவில்லை. சுண்டுவிரல் கறுத்தது. அவள் தைலத்தை எடுத்துத் தடவினாள்.

"இருதயம், அது நான் எழுதுன கதை. உனக்குத் தெரியாதா?" என்றேன்.

"காத்தூன் பீவிக்கு ஆச்சே. எனக்கு மட்டும் ஆவாதா?"

"அது தானா ஆறியிருக்கும்மே. ஆஸ்பத்திரிக்கு வா."

"நல்லாகீது. நான் போய் ஆஸ்பத்திரி வாசல்ல குந்திகினா, என் பேச்சை நம்பித் தடவிகினு கீறாங்களே, அவுங்கல்லாம் இன்னாய்யா நெனப்பாங்க?"

எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் காட்டினேன். பயமுறுத்தினேன். புகழ்ந்தேன். இந்த வருடம் காசிமேட்டில் மட்டும் பதினோரு பேருக்குக் கால் எடுத்திருக்கிறார்கள் என்றேன். "பதினொண்ணா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். நாற்றம் தைலத்துடையதா புண்ணுடையதா என்று பிரிக்க முடியாமல் போனது. இருபது வருடக் குடித்தனம். இப்படியே விட்டால் செத்துப்போய்விடுவாள்.

அச்சகத்துக்குப் போய், அச்சுக் கோக்கிற எத்திராஜிடம் ஒரு காகிதத்தைக் கொடுத்தேன். 'வேதமணித் தைலத்தால் இருதயம்மாளுக்குப் புண் ஆறவில்லை. அப்போது அவருக்குப் புண்ணே இல்லை. பொய் எழுதியவன் நான். இப்போது புண் இருக்கிறது. தைலத்துக்குக் கேட்கவில்லை. செல்வநாதன்.'

எத்திராஜ் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "இதுல ஒரு சரக்கும் இல்லியே மாமு. எவன் நம்புவான்?"

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவர்களிடம் அவன் அச்சடித்துத் தந்த இருநூறு நோட்டீஸையும் கொடுத்தேன். எத்திராஜ் சொன்னது சரி. எதிர்க்கடைக்காரன் எனக்குப் பணம் கொடுத்துவிட்டான் என்று முடிவு கட்டினார்கள். பெண்டாட்டியோடு சண்டை போலிருக்கிறது என்று சிலர் சொன்னார்கள். மறுநாள் தைலம் கூடுதலாக விற்றது. வேதமாணிக்கம் கோபப்படக்கூட இல்லை. "நல்லாத்தானவே எழுதிட்டு இருந்தீரு. இனிமே கடைப் பக்கம் வராதேயும்" என்றார்.

வீட்டுக்கு வந்தேன். இருதயம் நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜெபப் புத்தகம் படிக்கிற மாதிரி எழுத்துக் கூட்டிப் படித்திருக்கிறாள்.

"ஊர் பூரா என்னைப் பொய்க்காரின்னு போட்டுட்டியே."

"என்னைத்தான் போட்டுகீறேன். நல்லாப் பாரு."

மறுபடியும் படித்தாள். "கடைக்காரரு பாத்தாரா?"

"பாத்தாரு. வேலை பூட்ச்சு."

"தெரிஞ்சேவா பண்ண? எதுக்குய்யா?"

"நீ செத்துப் பூடுவியோன்னு பயம்மே."

நோட்டீஸை மடித்துக் கீழே வைத்தாள். பிறகு, "ரிக்‌ஷா கூப்டு" என்றாள்.

இரண்டு விரல்களை எடுத்தார்கள். கால் தப்பியது. இரண்டு நாள் கழித்து வந்திருந்தால் முழங்கால் வரை போயிருக்கும் என்று டாக்டர் என்னைத்தான் திட்டினார். வாங்கிக்கொண்டேன். இப்போது மரவாடியில் காவல் வேலை பார்க்கிறேன்.

போன வாரம் எர்ணாவூரிலிருந்து ஒருத்தி வந்தாள். கையில் என் பழைய நோட்டீஸ், நாலாக மடித்தது. அவள் புருஷனுக்குக் காலில் புண்ணாம். இருதயம் ஒன்றும் மறைக்கவில்லை. புடவையைத் தூக்கிக் காலை நீட்டினாள்.

"பாரும்மா. ரெண்டு வெரலை எடுத்துட்டாங்க. தைலம்லாம் சுத்தப் பொய். ஊட்டுக்காரரை ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போ."

அவள் குனிந்து நிதானமாகப் பார்த்தாள்.

"ரெண்டோட நின்னுச்சே! தைலம் தடவலேன்னா காலே பூட்ருக்கும்" என்றாள்.

எழுதியவன் நானே என்றேன். பேர் இந்த அம்மா பேர்தானே போட்டிருக்கிறது என்றாள். நோட்டீஸை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினாள்.

"போய்த் தடுய்யா!" என்று இருதயம் கத்தினாள். நான் ஓடினேன். கடை வரைக்கும் அவள் பின்னாலேயே போனேன். உள்ளது உள்ளபடி சொன்னேன். நான் சொல்லச் சொல்ல அவள் நடையை எட்டிப் போட்டாள்.