வாய்தாம்மா

என் முகத்தைப் பார்த்ததுமே நீதிபதி பேனா மூடியைக் கழற்றிவிடுவார். கிளார்க் வழக்கு எண்ணைக் கூப்பிட்டு, நான் பின் வரிசையிலிருந்து எழுந்து, "ஐயா" என்று வாயைத் திறப்பதற்குள் அடுத்த மாதத்தில் ஒரு தேதி விழுந்துவிடும். "சரிம்மா, உங்க சீனியர்கிட்ட சொல்லிடுங்க" என்பார். நான் குனிந்து வணங்கிவிட்டு உட்காருவேன். அந்தக் கோர்ட்டில் கறுப்பு அங்கி போட்ட முதல் பெண் நான். வந்ததிலிருந்து நான் செய்த வக்கீல் தொழில் இவ்வளவுதான்.

வாய்தா வாங்குவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று சீனியர் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொள்வார். என் சாமர்த்தியம் ஒன்றும் அதில் கிடையாது. ஆண் ஜூனியர் போய் வாய்தா கேட்டால் நீதிபதி எரிந்து விழுவார். பெண்பிள்ளையிடம் எப்படிக் கத்துவது என்று என்னிடம் மட்டும் தழைந்து போவார். அந்தத் தயவுக்காகத்தான் சீனியர் என்னை வைத்திருந்தார். எனக்குப் பின்னால் வந்த பையன்கள் சாட்சிக் கூண்டுக்கு எதிரே நின்று கேள்வி கேட்டுக்கொண்டிருக்க, நான் தேதி குறித்துக்கொண்டிருந்தேன். வக்கீல்கள் அறையில் எனக்கென்று ஒரு நாற்காலி இல்லை. அங்கியைப் பதிவறைக் கதவுக்குப் பின்னால் மாட்டிவைப்பேன். 'வாய்தாம்மா' என்று எனக்குப் பெயர் வைத்தவர் எட்டுக்கட்டை. அவரும் வக்கீல்தான். அவர் இந்த அறையில் வாதாடினால் அடுத்த அறையில் சாட்சிக்குத் தூக்கம் கலையும், அதனால் அந்தப் பெயர். வீட்டில் அம்மா வேறு விதம். "வாயாடி வாயாடின்னு திட்டியே உன்னை வளத்தேன். கோர்ட்ல போய் வாயே திறக்கறதில்லையாமே? எங்க அடகு வச்ச?" என்பாள். சிரித்துவிட்டுப் போவேன். ஆனால் சுருக்கென்று தைக்கும்.

அன்று காலை வராந்தாவில் என் கட்சிக்காரி சுவரோரமாக நின்றிருந்தாள். சட்டைக் கம்பெனியில் காலர் தைக்கிறவள். புருஷன் வீட்டார் அவளை வெளியே அனுப்பிவிட்டு, பெண்குழந்தையைத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். குழந்தையைத் திருப்பிக் கேட்டுத்தான் வழக்கு. புருஷனைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டியது எங்கள் பக்கம். செய்யாமல் வாய்தா மேல் வாய்தா வாங்கிக்கொண்டிருந்ததும் எங்கள் பக்கமே. எதிர்த்தரப்பு வக்கீல் எட்டுக்கட்டை. அவரும் என் சீனியரும் சாயங்காலம் சேர்ந்து சீட்டாடுகிறவர்கள். இந்த மாதிரிச் சில்லறைக் கேஸுக்காக நண்பரை எதற்குச் சங்கடப்படுத்த வேண்டும் என்பது சீனியரின் பெருந்தன்மை. அடுத்தவள் பிள்ளையை வைத்துக் காட்டுகிற பெருந்தன்மை.

"இன்னிக்கும் வாய்தாதானாக்கா?" என்றாள்.

ஒவ்வொரு வாய்தா நாளிலும் மத்தியானம் ஒரு மணி நேரம் இதே வராந்தாவில் அவள் குழந்தையைப் பார்க்கலாம். கோர்ட் கொடுத்த சலுகை அது.

"போன தடவ மடியில உக்காரவே மாட்டேன்னுட்டா. 'நீங்க எப்ப போவீங்க?'ன்னு கேக்கறா. பெத்தவளப் போய் நீங்கங்கறா. இன்னும் ரெண்டு வாய்தா போனா நான் யாருன்னு அவளுக்கு நாந்தான் சொல்லணும்."

அழவில்லை. அழுதிருந்தால் தோளைத் தட்டிச் சமாதானம் சொல்லித் தப்பித்திருப்பேன். சமாதானம் சொல்வதில்தான் நமக்கு எல்லாரும் பயிற்சி கொடுத்திருக்கிறார்களே. அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குக் கோபம் வந்தது. சீனியர் மேல், எட்டுக்கட்டை மேல், குனிந்து குனிந்து பழகிய என் முதுகின் மேல். இந்த வழக்கின் வக்காலத்தில் சீனியர் கையெழுத்துக்குக் கீழே என் கையெழுத்தும் இருக்கிறது. சட்டப்படி நானும் அவளுடைய வக்கீல். வழக்குக் கட்டை ஒரு வரி விடாமல் படித்தும் வைத்திருந்தேன்.

"நானே கேக்கட்டுமா? சரியா வரலைன்னா உனக்குத்தான் நஷ்டம்" என்றேன்.

"இப்ப மட்டும் என்ன லாபத்துலயா இருக்கேன்? கேளுங்கக்கா."

எண்ணைக் கூப்பிட்டார்கள். எழுந்தேன். நீதிபதி வழக்கம்போலத் தேதியை எழுதியே விட்டார்.

"தயாரா இருக்கோம் ஐயா."

"சரிம்மா, சொல்லிடுங்க உங்க..." என்றவர் நிமிர்ந்தார். "என்ன சொன்னீங்க?"

"குறுக்கு விசாரணைக்குத் தயார். எதிர்மனுதாரரக் கூண்டுக்குக் கூப்பிடணும்."

முன் வரிசையில் யாரோ சிரித்தார்கள். எட்டுக்கட்டை துள்ளி எழுந்தார். பாவம், என் முகத்தை நம்பி வெறுங்கையோடு வந்திருந்தார். "ஐயா, நான் கட்டே எடுத்துட்டு வரல. இந்தம்மா வந்தா வாய்தான்னு ஊருக்கே தெரியும். ஒரு வாய்தா குடுங்க."

"ஆட்சேபணை" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

நீதிபதி என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "கேள்வி கேக்கப் போறது அவங்க. உமக்கெதுக்கையா கட்டு?" என்று சொல்லிவிட்டு, எழுதிய தேதியை அடித்தார்.

நான் முன்னால் நடந்தேன். அந்த அறையின் முன் பாதிக்கு நான் போனதே இல்லை. புருஷன் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்தான். பளிச்சென்று தேய்த்த சட்டை. தலை வாரிவிடுவதிலிருந்து தூங்கவைப்பது வரை மகளுக்கு எல்லாம் நானே செய்கிறேன் என்பது அவன் கொடுத்திருந்த வாக்குமூலம். வாசலில் வக்கீல்கள் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். யார் ஓடிப்போய் வத்தி வைத்தார்களோ, அவர்களை விலக்கிக்கொண்டு சீனியர் உள்ளே வந்தார். உள்ளங்கையைக் கவிழ்த்து, உட்கார் என்று சைகை காட்டினார். நான் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து பல்லைக் கடித்துக்கொண்டு, "உக்காரும்மா, நான் பாத்துக்கறேன். இல்ல, நாளைக்கு ஆபீஸ் பக்கம் வரவேண்டாம்" என்றார்.

"விசாரணை நடந்துட்டிருக்கு சார். நீங்க உக்காருங்க" என்றேன். மெதுவாகச் சொல்லத்தான் நினைத்தேன். அறை முழுக்கக் கேட்டுவிட்டது. சீனியர் காலியாயிருந்த என் பின் வரிசை இடத்தில் போய் உட்கார்ந்தார்.

நான் கூண்டின் பக்கம் திரும்பினேன்.

"உங்க பொண்ணுக்குப் பல்லு விழுந்திருக்கு. தெரியுமா?"

"ஏன் தெரியாம? முன்பல்லு."

"மேலயா, கீழயா?"

போன தடவை வராந்தாவில் என்னவோ நினைத்து அந்தக் குழந்தை சிரித்தபோது பல் விழுந்த இடத்தை நானும் பார்த்திருந்தேன். அவன் வாயைத் திறந்து மூடினான். எட்டுக்கட்டையைப் பார்த்தான். அவர் எதிரே வெறும் மேஜைதான் இருந்தது. டைப்பிஸ்ட் கையைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கடைசி பெஞ்சில் கட்சிக்காரி உதட்டை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சொல்லிவிடக் கூடாதே என்று கையால் வேறு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நேரம் எடுத்துக்கங்க" என்றேன்.

மூடிய வாய்க்குள் அவன் நாக்கு மேல்வரிசைக்குப் போனது. பிறகு கீழே இறங்கியது. மறுபடி மேலே ஏறியது. ஒவ்வொரு பல்லாகத் தன் வாயிலேயே தேடிக்கொண்டிருந்தான்.