கழுத்துப் பட்டை

எங்கள் பட்டறையின் சுவரில் ஒரு மரப்பலகை இருக்கிறது. தண்ணீர் பம்பும் மோட்டாரும் பழுது பார்க்கிற இடம் இது. பம்ப் சத்தம் போட்டால் சிலர் உடனே கொண்டுவர மாட்டார்கள். வீட்டிலேயே அதன் வாயை அடைக்கப் பார்ப்பார்கள். பழைய சாக்ஸைத் திணிப்பார்கள், மரத்துண்டை ஆப்பாகச் செருகுவார்கள். ஒருவர் சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டியிருந்தார். எல்லாம் எரிந்து நாசமான பிறகு தூக்கிக்கொண்டு வருவார்கள். என் தங்கை அந்தச் சாக்ஸையும் டியூபையும் கழற்றிப் பலகையில் ஆணி அடித்து மாட்டுவாள்.

"சத்தம் போடுதுன்னா உள்ள ஏதோ சரியில்லன்னு அர்த்தம். வாயைப் பொத்தினா வலி போயிடுமா?" என்று மூஞ்சிக்கு நேராகக் கேட்பாள். யார் என்ன என்றெல்லாம் பார்க்க மாட்டாள்.

அவளுக்கு இங்கே 'காது' என்றுதான் பெயர். ஸ்க்ரூடிரைவரின் முனையை ஓடுகிற மோட்டாரில் வைத்து, பிடியைக் காதோரம் அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவாள். எந்த பேரிங் போயிருக்கிறது என்று பிரிக்காமலே சொல்வாள். செப்புக்கம்பியைக் காயிலாகச் சுற்றுவதும் பிரித்து மாட்டுவதும் அவளிடம் திட்டு வாங்குவதும் அண்ணனான என் வேலை.

சலவைக்கடைக்காரருடைய பம்பில்தான் எல்லாம் ஆரம்பித்தது. புஸ் புஸ்ஸென்று விட்டு விட்டு ஒரு சத்தம் கேட்கிறது என்றாள். பிரித்தேன். உள்ளே ஒன்றுமில்லை. மாட்டினேன். இன்னும் கேட்கிறது என்றாள். மறுபடி பிரித்தேன். மூன்றாவது முறை பிரிக்கச் சொன்னபோது எனக்கு மண்டை காய்ந்துவிட்டது.

"உனக்கென்ன பைத்தியமா? புதுசு மாதிரி ஓடுது பம்ப்!"

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. மூன்றாம் நாள் கரண்ட் போனது. எல்லா மெஷினும் நின்று பட்டறையே அமைதியானது. அவள் மட்டும் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தன் வலது காதுக்குக் கீழே, கழுத்தில், விரலை வைத்து அழுத்தினாள். எடுத்தாள். மறுபடி அழுத்தினாள்.

"அண்ணே, சத்தம் எனக்குள்ளதான் கேக்குது. இங்க அமுக்கினா நின்னுடுது பாரேன்!" என்று சிரித்தாள்.

நியாயமாக நான் பயந்திருக்க வேண்டும். எனக்கு அப்பாடா என்றிருந்தது. பம்பில் குறையில்லை, சண்டையும் முடிந்தது. ஆனால் ஒரு கை எப்போதும் கழுத்தில் இருந்தால் வேலை எப்படி ஓடும்? கேஸ்கெட் ரப்பரில் ஒரு துண்டு வெட்டி, பழைய பெல்ட் நாடாவில் வைத்துத் தைத்துக் கொடுத்தேன். ரப்பர் அந்த இடத்தில் சரியாக உட்கார்ந்தது. கண்ணாடியில் பார்த்து, "கச்சிதமா இருக்குண்ணே" என்றாள். எனக்குப் பெருமை வேறு.

நாலு மாதம் அதைக் கட்டிக்கொண்டு வேலை செய்தாள். பலகை எங்கள் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை.

தலைவலி என்று அவ்வப்போது மாத்திரை போட்டாள். குனிந்து நிமிர்ந்தால் சில நொடி கண் மங்குவதை மட்டும் என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் வேலை செய்ய விட மாட்டேன் என்று பயம். ஒருநாள் இடப்பக்கமாக ஒரு போல்ட்டை நீட்டினேன். அவள் கை காற்றில் துழாவியது. "கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?" என்று கிண்டல் செய்தேன். அடுத்த வாரம் அவளுடைய இடது கைச் சட்டை ஓடுகிற மோட்டாரையும் பம்பையும் இணைக்கிற கப்ளிங்கில் மாட்டிக் கிழிந்தது. நூலிழையில் கை தப்பியது.

"பக்கத்துலதானே ஓடுது, பாக்கலயா?" என்று கத்தினேன்.

"தெரியலண்ணே" என்றாள். கீழே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

கண் டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். இரண்டு கண் நரம்பும் வீங்கியிருக்கிறது என்று அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே ஸ்கேன் எடுத்தார்கள். முதுகில் ஊசி போட்டு, தலைக்குள் இருக்கும் அழுத்தத்தை அளந்தார்கள். இருக்க வேண்டியதைப் போல இரண்டு மடங்கு. மாத்திரை கொடுத்தார்கள். விரலெல்லாம் மரத்ததுதான் மிச்சம். பத்தே நாளில் பார்வை இன்னும் சுருங்கியது.

மூளை ரத்தக்குழாய் டாக்டரம்மா ஒரு தாளில் படம் வரைந்தார். மூளைக்குப் போன ரத்தம் திரும்பி இறங்குகிற பெரிய வழி, வலது காதுக்குப் பின்னால், ஓரிடத்தில் நெரிந்து ஒடுங்கியிருந்தது.

"அப்ப பின்னால பிரஷர் ஏறுது. நெரிஞ்ச எடத்துல ரத்தம் பீச்சிட்டுப் போற சத்தம்தான் எனக்குக் கேட்டது" என்றாள் தங்கை. "ரெண்டு பக்கமும் பிரஷர் கேஜ் வச்சுப் பாத்தீங்களா?"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "அதைத்தான் முதல்ல செய்யப்போறோம். நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

பிறகுதான் கழுத்திலிருந்த தடத்தைப் பார்த்தார். தங்கை பையிலிருந்து பட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"யாரு செஞ்சது?"

"நான்தான்" என்றேன்.

"இதனால நெரியல. ஆனா ஏற்கெனவே நெரிஞ்ச வழியை வெளியிலயும் அமுக்கியிருக்கீங்க. நாலு மாசம் வீணாப் போச்சு." கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தாலாவது தேவலை. "மிச்சப் பார்வையைக் காப்பாத்தத்தான் இப்ப நெரிஞ்ச எடத்தை விரிச்சுப் பிடிக்க ஸ்டென்ட் வைக்கிறோம். போனது திரும்பும்னு நான் சொல்ல மாட்டேன்."

ரத்தம் உறையாமலிருக்கச் சில நாள் மாத்திரை. பிறகு தொடை வழியாக மெல்லிய குழாயைத் தலைவரை ஏற்றி, நெரிந்த இடத்துக்கு முன்னும் பின்னும் அழுத்தம் பார்த்தார்கள். அப்போது அவள் விழித்துத்தான் இருந்தாள். வித்தியாசம் இருபத்திரண்டு என்று சொன்னது காதில் விழுந்ததாம். மயக்கம் கொடுத்து ஸ்டென்ட் வைத்தபின் மூன்று. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கு எந்த எண்ணும் தெரியாது. என் கையாலேயே தைத்துக் கொடுத்தேனே என்பது ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது.

வார்டில் கண் விழித்தாள். எப்படியிருக்கு என்றேன்.

"உஷ்!" என்று விரலைக் காட்டினாள். வெகுநேரம் தலையைச் சாய்த்துக் கேட்டாள். "நின்னுடுச்சுண்ணே."

நான் அழுதுவிட்டேன்.

"மூக்கை உறிஞ்சாதே, இப்ப எல்லாம் நல்லாக் கேக்குது" என்றாள்.

ஆறு வாரம் கழித்துப் பார்வையைச் சோதித்தார்கள். கிண்ணம் போன்ற கருவிக்குள் வெளிச்சப்புள்ளி தெரியத் தெரிய அவள் பட்டனை அழுத்தினாள். வலது கண் தப்பித்துவிட்டது. நரம்பின் வீக்கமும் இறங்கியிருந்தது. இடது கண்ணில் நடுப்பகுதிப் பார்வை மட்டும் மிஞ்சியது. வெளி ஓரமும் கீழ்ப்பகுதியும் இருட்டு, இனி அப்படித்தான்.

பட்டறைக்கு வந்த முதல் நாள், பட்டையைக் குப்பையில் போடப் போனேன். பிடுங்கிக்கொண்டாள். சாக்ஸுக்கும் டியூபுக்கும் நடுவே ஆணி அடித்து மாட்டினாள்.

பட்டறைக்கு வந்த சலவைக்கடைக்காரர் அதைப் பார்த்துச் சிரித்தார். "இது புதுசா இருக்கே! எந்தப் புண்ணியவான் பாத்த வேலை?"

"நான்" என்றேன்.

"ரெண்டு பேரும்" என்றாள் தங்கை, ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்துக்கொண்டே. பிறகு இடது பக்கம் கிடந்த ஸ்பேனருக்காகக் கையை நீட்டினாள். முதல் தடவை கிடைக்கவில்லை. நான் எடுத்துக் கொடுக்கவில்லை, கொடுத்தால் திட்டுவாள். இரண்டாவது தடவை தடவி எடுத்துக்கொண்டாள்.