குண்டூசித் தடம்

ஒரு தாளைப் பார்த்துப் பயப்படுவாய் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் அக்கா சிரித்திருப்பாள். பல் டாக்டர் கிளினிக்கில் இருபது வருஷமாக டோக்கன் கொடுக்கிறவள் அவள். ஆட்கள் வெளிறிப்போய் உட்கார்ந்திருப்பதை மேசைக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்துப் பார்த்துச் சலித்தவள். இன்று அந்தப் பக்கம் அவள் நின்றாள்.

கோர்ட்டில் உயில்களைச் சரிபார்க்கும் அறை. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா, அப்பாவின் உயிலை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். மூன்று பக்கம். இடது மூலையில், உயிலை எழுதிக் கொடுத்த வக்கீலம்மா அடித்த ஸ்டேப்ளர் பின் அப்படியே இருந்தது. அதற்கு ஒரு விரற்கடை தள்ளி, கடைசிப் பக்கத்தில் மட்டும், பொடியாக இரண்டு துளைகள். இரண்டுக்கும் நடுவில் துருவேறிய ஒரு கோடு.

"இங்க குண்டூசி குத்தியிருக்கே. இதோட வேற என்ன தாள் இருந்துச்சு?"

வக்கீலம்மா அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அக்கா சுவரில் ஓடாமல் நின்றிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள்.

"பிரமாணப் பத்திரம் கொண்டு வாங்க. என்ன இருந்துச்சு, எங்க போச்சுன்னு எழுதி. அது இல்லாம இது நகராது," என்று சொல்லிவிட்டு, குமாஸ்தா அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

உயில் செல்லும் என்று கோர்ட் முத்திரை போட்டுக் கொடுக்கிற உத்தரவுதான் புரோபேட். அது கைக்கு வராமல் வீடு அக்காவின் பேருக்கு மாறாது. அவளுக்கு அந்த வீட்டை விட்டால் போக்கிடம் கிடையாது. ஐம்பத்தோரு வயது, கல்யாணம் ஆகவில்லை, அப்பாவைப் பார்த்துக்கொள்கிறேன் என்று உட்கார்ந்தவள் உட்கார்ந்தவள்தான்.

வக்கீலம்மாவின் அறையில் ஃபேன் கடகடவென்று சுற்றியது. "நான் உங்க அப்பாகிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேன். உயில்ல கிளிப் போடாதீங்க, பின் குத்தாதீங்க, பின்னைப் பிடுங்காதீங்கன்னு. ஒரு துளை அதிகமா இருந்தாக்கூட, அங்க ஒரு பக்கம் காணோம்னுதான் கோர்ட்டு நினைக்கும்."

அக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அப்பாவிடம் போய்க் குண்டூசி குத்தாதே என்றால் கேட்கிற மனுஷனா அவர்? ஒரு கம்பெனி ஸ்டோர்ஸில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவர். கரண்ட் பில்லோடு ரசீது, மருந்துச் சீட்டோடு மாத்திரை அட்டை, எதை எடுத்தாலும் குண்டூசி. சட்டைக் காலரின் உள்பக்கம் எப்போதும் நாலு குத்தியிருக்கும். துவைக்கும்போது அக்காவின் விரலில்தான் ஏறும்.

"உண்மையைச் சொல்லுங்க. தாள் இருந்துச்சா?"

"இருந்துச்சு மேடம்."

"என்ன ஆச்சு?"

"கிழிச்சுட்டேன்."

அப்பா போய் இரண்டு வாரம் கழித்துதான் அவள் பீரோவைத் திறந்தாள். உயிலைப் படித்தாள். 'மேற்படி வீட்டை என் மகளுக்கு' என்று இருந்தது. மேற்படியாம்! பதினொரு வருஷம் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, மூத்திரத் துணி அலசியவளுக்கு ஒரு மேற்படி. கடைசிப் பக்கத்தில் குண்டூசி குத்திய ஒரு தாள் இருந்தது. நமக்குத்தான் ஏதோ எழுதியிருக்கிறார் என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பிரித்தாள். அது தம்பிக்கு எழுதியது.

'உன்னைப் போகச் சொன்னது என் தப்பு. நீ தெரு திரும்புவதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கூப்பிட வாய் வரவில்லை. நீ வந்தால் வரட்டும் என்றுதான் பின் கதவுக்கு இன்றுவரை தாழ்ப்பாள் போடுவதில்லை.'

நாலே வரி. அவள் பேர் அதில் இல்லை. காலேஜை விட்டுவிட்டு லாரி ஓட்டப் போகிறேன் என்று நின்றவனை, இனி இந்த வாசப்படி மிதிக்காதே என்று அப்பா விரட்டிப் பதினெட்டு வருஷம் ஆகிறது. போனவனுக்கு நாலு வரி, கூட இருந்தவளுக்கு மேற்படி. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குண்டூசியைப் பிடுங்கினாள், தாளை எட்டாகக் கிழித்தாள், குப்பைக் கூடையில் போட்டாள். மறுநாள் காலை குப்பை வண்டி வந்து போன பிறகுதான் செய்த காரியம் உறைத்தது. கூடையைக் கவிழ்த்துத் தட்டித் தேடியபோது ஒரு துணுக்குகூட இல்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு வக்கீலம்மா பேனாவை மூடினார். "எந்தத் தாளும் இல்லைன்னு சத்தியம் பண்ணா அது பொய்ச் சத்தியம், நான் எழுத மாட்டேன். இருந்துச்சு, கிழிச்சேன்னு எழுதினா, அது உயிலோட பக்கம்தான், அதுல எனக்கும் பங்கு இருந்துச்சுன்னு உங்க தம்பி வழக்குப் போடலாம். வீடு இழுபறியாயிடும். அவர் ஆட்சேபணை இல்லைன்னு கையெழுத்துப் போட்டாத்தான் வழி. அவர்கிட்ட நீங்களே பேசுங்க."

வீடு கைநழுவினாலும் நழுவட்டும் என்று அக்கா அன்று தைரியமாக நினைத்தாள் என்று சொன்னால் அது பொய். வீடு போய்விடுமோ என்ற பயத்தோடுதான் தம்பிக்குப் போன் செய்தாள். ஆனால் வீட்டைவிட அந்த நாலு வரிதான் அவளை அரித்தது. அவற்றை அவன் காதில் போட்டுவிட்டால் போதும், அப்புறம் அவன் கேஸ் போட்டாலும் சரி என்று ஒரு பக்கம் மனசு சொன்னது.

தம்பி லாரியை எங்கோ நிறுத்திவிட்டு வந்தான். முன்முடி நன்றாக நரைத்திருந்தது. அப்பாவின் கடைசிக் காரியத்துக்குக்கூடத் தெருமுனை வரைக்கும்தான் வந்தவன். வக்கீலம்மாவின் அறைக்கு வெளியே ஒரு மரப் பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். பிரமாணப் பத்திரத்தை அவன் விரல் வைத்து மெதுவாகப் படித்தான்.

"கிழிச்சியா?"

"ஆமாண்டா. பொறாமை. வேற என்ன சொல்றது?"

அக்கா நாலு வரியையும் ஒப்பித்தாள். ஒரு எழுத்து விடாமல், மனப்பாடமாக. பின் கதவு வரும் வரியை மட்டும் இரண்டு தரம் சொன்னாள்.

தம்பி அவள் கையைத் தட்டிக்கொடுத்தான். "அக்கா, நீ எனக்காக இட்டுக்கட்டிச் சொல்ற. அவர் தப்புன்னு எழுதற ஆளா?"

"சத்தியமாடா. பின் கதவை அவர் தாழ்ப்பாளே போட்டதில்ல."

"அது அவருக்கு மறதி. நீதானே போன் பண்றப்பல்லாம் புலம்புவ, கதவைக்கூடச் சாத்தத் தெரியல, யாராவது உள்ள வந்துடுவாங்கன்னு. அவர் என்னைப் பத்திக் கேட்டாரான்னு கேட்டா, உன் பேச்சே எடுக்கறதில்லன்னு சொல்லுவ."

இரண்டும் அவள் சொன்னதுதான்.

"எனக்குத் தெரியும், அதுல என்ன இருந்திருக்கும்னு," என்றான் தம்பி. "போற நேரத்துலயும் என்னைத் திட்டித் தீர்த்திருப்பார். நான் படிக்கக் கூடாதுன்னு நீ கிழிச்சே. பழியை உன் மேல போட்டுக்கற. சின்ன வயசுல இருந்தே நீ இப்படித்தான்."

"திட்டலடா."

"சரிக்கா, திட்டல." சுரம் வந்த குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னான். "கிழிச்சது நல்லதுதான். படிச்சிருந்தா நான் தாங்கியிருக்க மாட்டேன்."

எழுந்து உள்ளே போய், வக்கீலம்மா காட்டிய இடத்திலெல்லாம் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்டான். வீட்டுக்கு இனி தடையொன்றும் இருக்காது என்று வக்கீலம்மா சொன்னார். அக்காவுக்கு அது காதில் விழுந்தது, உள்ளே இறங்கவில்லை. அந்தத் தாள் மட்டும் கையில் இருந்தால் வீட்டையே தூக்கிக் கொடுத்திருப்பேன் என்று நினைத்தாள். இப்போது நினைத்து என்ன?

வாசல்வரை அவனோடு நடந்தாள். "வீட்டுக்கு வாடா. ஒருவேளை சாப்பிட்டுட்டுப் போ."

"லோடு நிக்குது," என்றான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "மிதிக்காதேன்னு சொன்னாரு. அவர் இல்லைன்னதும் போய் மிதிச்சா நல்லாவா இருக்கும்?" என்றான்.

நாலு படி இறங்கினவன் நின்று திரும்பினான்.

"தனியா இருக்க. அந்தப் பின் கதவுக்கு ஒரு பூட்டு போட்டியா இல்லையா?"

"போட்டுட்டேன்டா," என்றாள் அக்கா. "அவர் போன மறுநாளே போட்டுட்டேன்."