மெதுவாக விழுகிற கிடங்கு

நாமகிரிப்பேட்டைப் பஞ்சுக் கிடங்குக்குள் எது விழுந்தாலும் பஞ்சு விழுகிற வேகத்தில்தான் விழும். வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். பஞ்சையே பார்த்துப் பழகிய சுவருக்கு வேறு வேகம் தெரியாது என்று ஊரில் சொல்லிக்கொண்டார்கள். பஞ்சு வியாபாரம் படுத்த பிறகு, எழுபத்திரண்டில் வெள்ளியங்கிரி அதை வாங்கிக் கோழிப்பண்ணை வைத்தார். கூண்டிலிருந்து உருண்ட முட்டை கூடைக்கு வந்து சேர்வதற்குள் அவர் மனைவி சௌந்திரம் ஒரு கைப்பிடிப் புளிக்குக் கொட்டை எடுத்துவிடுவாள். ஒன்றுகூட உடையவில்லை. வெளியே போன பிறகும் உடையவில்லை என்பதுதான் வம்பாகிவிட்டது. நாமக்கல் ஓட்டல்காரர் கண்ணுசாமி தோசைக்கல் விளிம்பில் தட்டித் தட்டிக் கை சலித்து, கூடையோடு திரும்பி வந்தார். "ஏனுங்க, இது கோழி போட்டதுங்களா, கொல்லன் அடிச்சதுங்களா?"

பிறகு லாரி பாடி கட்டுகிறவர்கள் வாடகைக்கு வந்தார்கள். ஓங்கிய சுத்தியல் ஆணியைத் தொடுவதற்குள் டீ ஆறிப்போனது. அவர்களும் காலி செய்ய, எண்பத்தொன்றில் கிடங்கை இடித்து இடத்தை விற்றுவிடுவது என்று வெள்ளியங்கிரி முடிவுகட்டினார்.

சௌந்திரத்தின் கவலை வேறு. மகள் வள்ளியாத்தாளுக்கு எலும்பு அப்பளம் மாதிரி. நின்று விழுந்தபோதெல்லாம் ஏதாவது ஒன்று முறிந்தது. நடக்கவே விடாதீர்கள் என்று சேலத்து டாக்டர் சொல்லிவிட்டார். நாலு வயதாகியும் பிள்ளை இடுப்பைவிட்டு இறங்கவில்லை. இடிக்கிற அன்று மகளைச் சுமந்தபடி சௌந்திரம் மோர் கொண்டுபோனாள். சுவர்மேல் நின்று இடித்துக்கொண்டிருந்த கூலியாள் மாதையன் உள்பக்கமாகக் கால் தவறினான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சாவகாசமாகத் தரைக்கு வந்து, மோருக்குக் கை நீட்டினான். பொருளுக்குத்தான் அப்படி, ஆளுக்கு இல்லை என்று அதுவரை நினைத்திருந்தவள், செம்பைக் கொடுத்துவிட்டு மகளை இறக்கி நிறுத்தினாள்.

"கிறுக்கா புள்ள உனக்கு? தூக்கு அவள," என்று வாசலிலிருந்து கத்தினார் வெள்ளியங்கிரி.

"முட்டைக்குப் பாத்தீங்க, லாரிக்குப் பாத்தீங்க. இவளுக்கும் ஒருக்காப் பாத்துரலாமுங்க."

வள்ளியாத்தாள் ஓர் அடி வைத்தாள். சாய்ந்தாள். சாய்ந்துகொண்டே இருந்தாள். வெள்ளியங்கிரி ஓடிவந்து கை நீட்டியபோதும் பாதி தூரம் பாக்கியிருந்தது. தரையில் போய் உட்கார்ந்து, தகப்பனை நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னொருக்கா உழுகட்டுங்களா, அப்பா?"

கூலியாட்கள் கடப்பாரைகளோடு திரும்பிப் போனார்கள். கிடங்கு பால்வாடி ஆனது. பனமரத்துப்பட்டியிலிருந்தெல்லாம் நடை வராத பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வள்ளியாத்தாள் அங்கேயே விழுந்து, எழுந்து, ஓடி வளர்ந்தாள். ஆனாலும் அவளைத் தனியாகத் தெருவில் விடச் சௌந்திரத்துக்கு மனம் வரவில்லை. எண்பத்தொன்பதில் ஒரு சந்தை நாளில், அம்மாவின் கையை உதறிக்கொண்டு ஓடியவள் கடைவீதி நடுவே கல் தடுக்கிச் சாய்ந்தாள். சௌந்திரம் கண்ணை மூடிக்கொண்டாள். சத்தம் எதுவும் கேட்கவில்லை. திறந்தபோது மகள் இன்னும் விழுந்துகொண்டிருந்தாள். மஞ்சள் மூட்டை ஏற்றிவந்த வண்டிக்காரர் மாட்டை இழுத்துப் பிடித்து பீடி பற்றவைத்தார். பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"இருப்பா, புள்ள இன்னும் உழுந்து முடிக்கல."

டிரைவர் இன்ஜினை அணைத்தார்.