அமைதி அறையில் ஈரக்கால்

எங்கள் மேலாளர் தியானம் கற்றுக்கொண்டு வந்தார். அதுவரை கத்தித் திட்டிக்கொண்டிருந்தவர், அதற்குப் பிறகு மெதுவாகத் திட்ட ஆரம்பித்தார். கத்தினாலாவது அடுத்த மெஷினில் நிற்பவளுக்கும் கேட்கும், வசவை ஆளுக்குக் கொஞ்சம் பங்கு போட்டுக்கொள்ளலாம். இப்போது காதருகே வந்து, கண்ணைப் பாதி மூடி, "ஏம்மா, சாப்பாடுதானே சாப்பிடறே?" என்பார். சாந்தசொரூபி என்று பெயர் வைத்தோம்.

ஒரு பெரிய ஹோட்டலின் அடித்தளத்தில் இருக்கிறது எங்கள் சலவைக்கூடம். மேலே படுத்து எழுந்தவர்களின் விரிப்பும், குளித்து எழுந்தவர்களின் துண்டும் குழாய் வழியாகக் கீழே வந்து விழும். தரை எந்நேரமும் ஈரம். எங்கள் பாதம் ஊறிச் சுருங்கிக் கிடக்கும். உட்கார்ந்து செய்கிற வேலை அங்கே ஒன்றுதான். அதை மேலாளர் செய்கிறார்.

நானும் அண்ணன் மனைவியும் ஒரே இஸ்திரி உருளையில் நிற்கிறோம். இந்தப் பக்கம் நான் விரிப்பை உள்ளே விட, அந்தப் பக்கம் அண்ணி சூடாக வாங்கி மடிப்பார். அண்ணிக்குக் கெண்டைக்காலில் நரம்பு கயிறு கயிறாகச் சுருண்டு நிற்கும். தினமும் மதியம் கொஞ்ச நேரம் படுத்துக் காலைச் சுவரில் தூக்கி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் தோல் வெடித்துப் புண்ணாகிவிடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். புண் வந்தால் நிற்க முடியாது. நிற்க முடியாதவளுக்கு எங்கள் கூடத்தில் சோறு இல்லை.

சோப்பு மூட்டை அடுக்கும் அறையில் ஒரு மரப்பெஞ்சு கிடந்தது. சாப்பிட்ட கையோடு அண்ணி அதில் மல்லாந்து காலைத் தூக்கிவிடுவார்.

"மகாராணி சயனத்துல இருக்காங்க, யாரும் இருமாதீங்கடி" என்பேன்.

"வாயாடாம சாமரம் வீசு நாத்தனாரே" என்பார். அவ்வளவுதான் எங்கள் ஆரோக்கியத் திட்டம். பைசா செலவில்லை, காலும் வெடிக்கவில்லை.

பைசா செலவில்லாத நல்ல காரியத்தை எந்த நிர்வாகம் பொறுக்கும்? ஒரு நாள் பெஞ்சை உடைத்து வெளியே போட்டார்கள். சுவருக்குச் சந்தன நிறம் அடித்தார்கள். வெள்ளைக் கம்பளம் விரித்தார்கள். மூலையில் ஒரு சின்ன நீரூற்று வைத்தார்கள், தண்ணீர்ச் சத்தம் மனசுக்கு இதமாம். நாள் முழுக்கத் தண்ணீரும் மெஷினும் காதில் இரைய நிற்கிறவளுக்குத் தண்ணீர்ச் சத்தத்தால் வைத்தியம்! கதவில் 'அமைதி அறை, ஊழியர் நலனுக்காக' என்று பலகை மாட்டினார்கள். அதன் கீழே இன்னொன்று: 'ஈரக்காலுடன் நுழையக் கூடாது.'

சலவைக்கூடத்தில் காய்ந்த கால் ஒருவருக்குத்தான் உண்டு. சாவியும் அவரிடமே இருந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உள்ளேயிருந்து குறட்டை கேட்கும்.

அண்ணி அழுக்கு மூட்டை மேல் சாய்ந்து பார்த்தார். "பார்க்க நல்லா இல்லம்மா" என்று சாந்தசொரூபி புன்னகையோடு எழுப்பிவிட்டார். மாடிப்படியில் சாய்ந்தார், விருந்தாளிகள் கண்ணில் படுமாம். கழிப்பறை வாசலில் காலை நீட்டினார். அங்கேயும் மேலாளர் வந்து நின்றார். மழைக்காலம் முடிவதற்குள் கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து, ஒரு காலை வேளையில் பிளந்துகொண்டது. அண்ணி துணியைச் சுற்றிக்கொண்டு வேலைக்கு வந்தார்.

"லீவு போடுங்க அண்ணி."

"போட்டா, திரும்பி வர்றப்ப என் இடத்துல வேற ஒருத்தி நிப்பா. நீ விரிப்பை விடு."

முதலாளியின் மனைவி அறையைப் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. அன்று மட்டும் எங்களை உள்ளே விட வேண்டுமே! ஹோட்டலின் புதுத் துண்டுகளால் எங்கள் காலை எங்களையே துடைக்கச் சொன்னார்கள். அந்தத் துண்டையும் பிறகு துவைக்கப்போவது நாங்கள்தான். பயிற்சி கொடுக்க ஒரு அம்மாள் வந்தாள். நிமிடத்துக்கு ஒரு தரம் "மூச்சை விடுங்க" என்றதால் மூச்சம்மா ஆகிவிட்டாள். முதலாளியம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். போட்டோ எடுப்பவன் ஓரமாக நின்றான்.

"எல்லாரும் படுங்க" என்றாள் மூச்சம்மா. "உடம்பு பேசும். அது என்ன கேக்குதோ அதைக் கொடுங்க."

அண்ணி படுத்தார். நகர்ந்து நகர்ந்து சுவரோரம் போனார். இரண்டு காலையும் தூக்கிச் சந்தனச் சுவரில் வைத்தார்.

சாந்தசொரூபி குனிந்து, "காலை இறக்கும்மா, பெயின்ட்" என்றார்.

அண்ணி கண்ணைத் திறக்கவில்லை. நானும் நகர்ந்து போய் காலைத் தூக்கினேன். மற்றவர்களும் தூக்கினார்கள்.

"இது என்ன, புது ஆசனமா?" என்று முதலாளியம்மா ஆவலாகக் கேட்டார்.

மூச்சம்மா கொஞ்சமும் தடுமாறவில்லை. "ரொம்பப் பழமையானது மேடம். ரிஷிகள் காலத்துது." மேலாளர் பக்தியோடு தலையாட்டினார்.

அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டு பேசாமல் படுத்திருந்தால் அன்றைய பொழுது சுகமாகக் கழிந்திருக்கும். அண்ணிக்கு அது ஆகவில்லை.

"ஆசனமும் இல்ல, ரிஷியும் இல்லம்மா. புண்ணு." துணியை அவிழ்த்தார். "இங்க ஒரு பெஞ்சு இருந்துச்சு. அதுல தினம் காலைத் தூக்கி வச்சுப் பொழைச்சுக் கிடந்தேன். அதை உடைச்சுட்டு, எங்க நல்லதுக்குன்னு கம்பளம் போட்டு, எங்க காலே ஆகாதுன்னு எழுதி வச்சாரு இவரு. கேளுங்க, சாவி யார்கிட்ட இருக்குன்னு."

முதலாளியம்மா கைக்குட்டையை மூக்கில் வைத்து நீரூற்றைப் பார்த்தார். சுவரில் சிவப்பாக ஒரு கோடு இறங்கியது. போட்டோ எடுப்பவன் கேமராவைத் தாழ்த்திவிட்டான்.

"எழுந்திருங்கடி எல்லாரும்!" சாந்தசொரூபி கத்தினார். தியானம் கற்றதெல்லாம் ஒரே மூச்சில் வெளியே போயிற்று. "மெஷினெல்லாம் சும்மா நிக்குது!"

"நிக்கட்டும்" என்றேன். "நாங்க வருஷக்கணக்கா நின்னோம்."

யாரும் எழவில்லை. சுவரில் இருந்த தொலைபேசி அடித்தது. மேல்மாடியில் விரிப்பு தீர்ந்துவிட்டதாம். மேலாளர் எடுத்துப் பேசினார். எங்களையும் முதலாளியம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அவங்க... ஓய்வுல இருக்காங்க சார்" என்றார். தொலைபேசியின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினார். "எவ்வளவு நேரம் ஆகும்னு கேக்கறாங்க."

"ரத்தம் கீழ இறங்கற வரைக்கும்னு சொல்லுங்க" என்றார் அண்ணி. "நாளைக்கும் அப்படித்தான்னு சேர்த்துச் சொல்லுங்க."