மணிக்கட்டின் விரதம்

மருத்துவக் கல்லூரியில் பிணங்களை வைத்து உடற்கூறியல் நடத்தி ஓய்வுபெற்ற டாக்டர் சம்பத்குமார், மனிதக் கையைத் தாமே வரைந்து பகவானுக்கு அனுப்பிவைத்தவர் போலத்தான் பேசுவார். விஜயநகர் பூங்காவில் யாராவது தோள் வலிக்கிறது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும், அந்த மனிதர் வீடு திரும்ப வெயில் ஏறிவிடும்.

அப்பேர்ப்பட்டவர் ஒரு நாள் காலைக் காப்பி முடிந்ததும், மர நாற்காலியின் முதுகுக்குப் பின்னால் வலது கையைத் தொங்கப்போட்டபடி வாய் திறந்து தூங்கிப்போனார். விழித்துத் தூக்கியபோது கை வந்தது, மணிக்கட்டு நிமிர்ந்து வரவில்லை. மேல்கை எலும்பைச் சுற்றி இறங்கும் நரம்பு நசுங்கியிருக்கிறது. குடித்துவிட்டு விழுந்து கிடப்பவர்களுக்கு வருவது என்று வகுப்பைச் சிரிக்கவைத்த அதே நோய். பெரும்பாலும் தானே சரியாகிவிடும். அந்தப் ‘பெரும்பாலும்’தான் இப்போது இடித்தது.

மனைவி வசுதா சாப்பிடக் கூப்பிட்டாள். இடது கையால் உண்பது அந்த வீட்டில் நடக்காத காரியம். ஸ்பூனால் சாப்பிடுகிறவர்களைப் பற்றியோ அவர் நிறையவே கேலி பேசித் தீர்த்திருந்தார். கையைத் துண்டுக்குள் சுருட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

“இன்னிக்கு எனக்கு உபவாசம். ஏகாதசி.”

“ஏகாதசி போன வாரமே ஆய்த்து. அன்னிக்கு மசாலா தோசை சாப்பிட்டேள்.”

“அதுக்குத்தான் பிராயச்சித்தம்.”

“போதும், போதும். துண்டை எடுங்கோ.”

அவளே எடுத்தாள். கை தொங்கியது.

“அய்யோ ராமா, ஸ்ட்ரோக்கா?”

“இல்லடி. நாற்காலி.” மளமளவென்று லத்தீன் பெயர்களை அடுக்கினார். பாதியில் நிறுத்தினார். “திரும்ப வராமலே போயிடுத்துன்னா, வசு?”

அவள் சாத்தமுது ரசத்தை ஊற்றிச் சாதத்தைப் பிசைந்து ஒரு கவளத்தை அவர் வாயருகே கொண்டுபோனாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“நான் என்ன கொழந்தையா?”

“கொழந்தைன்னா இத்தனை அடம் பிடிக்காது.”

கவளத்தைத் தட்டில் வைத்துவிட்டுப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். தன் உள்ளங்கையை அவர் மணிக்கட்டுக்கு அடியில் கொடுத்து மெல்ல நிமிர்த்தினாள். துவண்டு கிடந்த விரல்கள் சாதத்தைப் பற்றின. மடக்கும் தசைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவற்றுக்கு வேண்டியிருந்ததெல்லாம் நிமிர்ந்த ஒரு மணிக்கட்டுதான். ஆயுளெல்லாம் பாடம் நடத்தியவருக்கு, பயத்தில் அது நினைவுக்கே வரவில்லை. முதல் கவளம் வாய்க்குப் போய்ச் சேர்ந்தது. மீசையிலும் கொஞ்சம்.

“நாளைக்குக் கார்த்தால டாக்டர்ட்ட போறோம்” என்றாள் வசுதா.

“நானே டாக்டர்தானே?”

“உசுரோட இருக்கறவாளப் பாக்கற டாக்டர்ட்ட.”

சம்பத்குமார் வாயைத் திறந்தார். வழக்கமாக அங்கிருந்து ஒரு சொற்பொழிவு கிளம்பும். இம்முறை, “கொஞ்சம் மேலே தூக்கு, வசு” என்று மட்டும் சொன்னார். தூக்கினாள்.