பத்தாவது படிவம்

பதினேழு வயதில் ஒரு கம்பெனியை எப்படி நடத்துவது என்று யாராவது இவாஞ்சலினிடம் கேட்டால், முதலில் உங்கள் அம்மாவிடமிருந்து பீரோ சாவியை வாங்கிக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வாள். அவளுடைய கைபேசி பீரோவுக்குள் இருந்தது. பிளஸ் டூ பிள்ளை இருக்கிற வீடு. கேபிளைப் பிடுங்கியாயிற்று. விருந்தாளிகளுக்குத் தடை போட்டாயிற்று. குக்கர் கூட இரண்டு விசிலுக்கு மேல் வாய் திறக்கக் கூடாது என்பது அம்மா பிலோமினாவின் உத்தரவு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் கைபேசிக்கு ஒரு மணி நேரம் விடுதலை. வாரத்தில் அந்த ஒரு மணி நேரம்தான் 'ஈரம்' என்கிற நிறுவனத்துக்கு வேலை நேரம்.

நிறுவனர் இவள். ஆனால் பதினெட்டு ஆகாததால் இயக்குநர் என்று கையெழுத்துப் போடுவது அப்பா மரிய ஜோசப். ராயப்பன்பட்டியில் திராட்சைத் தோட்டக்காரர். எந்த இடத்தில் போட வேண்டும் என்று கேட்டுக்கொண்டு போடுவார். எதற்கு என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

கருவி ஒன்றும் பெரிய வித்தையில்லை. உள்ளங்கை அகலத்தில் இலை போல ஒரு பச்சைத் தகடு, திராட்சைப் பந்தலுக்குக் கீழே இலையோடு இலையாகத் தொங்கும். இரவில் இலை எத்தனை மணி நேரம் நனைந்திருந்தது என்று அது கணக்கெடுக்கும். பக்கத்தில் கம்பத்தில் கட்டிய பெட்டி, விடியற்காலை ஐந்து மணிக்குத் தோட்டக்காரரின் போனுக்கு ஒரு செய்தி அனுப்பும். 'இன்று மருந்து தேவை' அல்லது 'இன்று மருந்து தேவையில்லை.' அவ்வளவுதான். கம்பம் பள்ளத்தாக்கில் இப்போது மழைக்குக் காலண்டரே கிடையாது. ஐப்பசியில் காய்கிறது, தையில் கொட்டுகிறது. இலையை மஞ்சளாக்கிக் கருக்குகிற செவட்டை நோய் எப்போது வரும் என்று தெரியாமல், பயத்திலேயே மூன்று நாளைக்கு ஒருமுறை மருந்தை அடித்துத் தள்ளுகிறார்கள். அந்தப் பயத்தைக் குறைக்கத்தான் இவள் பதினொன்றாம் வகுப்பு முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டாள்.

சென்னையில் புதுத் தொழில்களுக்குக் கைகொடுக்கும் ஒரு மையம் இதைக் கவனித்தது. பத்துத் தோட்டங்களில் தொண்ணூறு நாள் ஓட்டிக் காட்டு, பத்து விவசாயிகளும் பயன்பட்டது என்று படிவத்தில் எழுதிக் கொடுக்கட்டும், அடுத்து நூறு கருவிக்கு நாங்கள் பொறுப்பு என்றது. கடைசி நேரம் திங்கட்கிழமை மாலை ஐந்து மணி. அதே திங்கட்கிழமை காலையில் வேதியியல் செய்முறைத் தேர்வு. அனுமதி கேட்கப் போனபோது தலைமையாசிரியை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "மொதல்ல பாஸ் பண்ணு. அப்புறமா பூமியக் காப்பாத்து" என்றார்.

அப்பாவுடன் போட்ட ஒப்பந்தம் இன்னும் கறாரானது. சென்னையில் சரி என்று சொன்னால் கோயம்புத்தூரில் வேளாண் பொறியியல். இல்லையென்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு நாமக்கல்லுக்குப் போய் ஒரு வருடம் நீட் பயிற்சி. டாக்டராவதில் இவாஞ்சலினுக்கு விரோதமில்லை. யாரோ ஒருத்தி ஆகட்டும் என்பதுதான் அவள் கருத்து.

ஆக, அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் கைபேசியைக் கையில் வாங்கியபோது எல்லாம் கூடி வந்திருந்தது. பொங்கலுக்கு முந்தின வாரத்திலிருந்து பத்துக் கருவிகளும் அழகாக ஒரே கதையைச் சொல்லியிருந்தன. உலர்ந்திருக்கிறது, மருந்து தேவையில்லை. மருந்துச் செலவில் முக்கால் பங்கு மிச்சம் என்று அறிக்கையில் பெரிய எழுத்தில் போட்டிருந்தாள். அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். தைப் பனியில் பத்துத் தோட்டமும் ஒரே மாதிரி உலர்ந்து கிடக்க இது என்ன ராமநாதபுரமா? ஆனால் வரைபடத்தில் கோடு நமக்கு வேண்டிய பக்கமாகப் போகும்போது யார் அதை நிறுத்தி விசாரிக்கிறார்கள்?

படிவங்களை அப்பாதான் வாங்கி வந்திருந்தார். அவருடையதும் சேர்த்து ஒன்பது படிவம். ஒன்பதிலும் 'மிகவும் நன்று.' முத்துராஜா என்கிற பக்கத்துத் தோட்டக்காரர் இரண்டு முறை எழுதியிருந்தார்.

"ஞானபாக்கியம் அத்தையோடது எங்கப்பா?"

அப்பா செருப்பைத் தேடுவது போலக் குனிந்தார். "ஊருக்குப் போயிருக்காக."

"எந்த ஊருக்கு?"

"அது… வந்ததும் வாங்கிக்கலாம்த்தா. நீ போய்ப் படி."

நாளைக்குக் கடைசி நாள் என்று நூறு தடவை சொல்லியிருக்கிறாள். இவர் வந்ததும் வாங்கிக்கொள்வாராம். அவளுக்கு வந்த எரிச்சலில் கைபேசி நழுவி விழப் பார்த்தது. தோழி ஜெஸ்லின் வீட்டில் வேதியியல் ரெக்கார்டு இருக்கிறது என்று அம்மாவிடம் கூசாமல் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, எழுதாத பத்தாவது படிவத்தை மடித்துக்கொண்டு ஆனைமலையன்பட்டிப் பக்கம் சைக்கிளை மிதித்தாள்.

ஞானபாக்கியம் எந்த ஊருக்கும் போகவில்லை. தன் அறுபது சென்ட் தோட்டத்தில், பந்தலுக்குக் கீழே, கருகிய குலைகளைக் கத்தரித்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். இலைகள் பாதிக்குப் பாதி மஞ்சளாகி, நடுவில் செம்பழுப்பாகப் பொசுங்கியிருந்தன. ஒரு இலையைத் திருப்பினால் அடியில் வெள்ளை பூத்திருந்தது. காய்கள் மிளகு அளவிலேயே கறுத்து நின்றன.

"வாத்தா, மொதலாளியம்மா" என்றாள் ஞானபாக்கியம், கத்தரியை நிறுத்தாமல். "பரீட்சை முடிஞ்சிருச்சா? முடிஞ்சப்புறம்தான் ஒங்கிட்டப் பேசணும்னு ஒங்கப்பா சொன்னாகளே."

"அத்தை, இது எப்ப வந்துச்சு?"

"எப்ப வந்துச்சா? ஒன் மிஷினு தெனமும் காலையில தேவையில்ல, தேவையில்லன்னு ஓதுச்சுல்ல, அப்ப வந்துச்சு. எங்க வீட்டுக்காரரு கூடலூருக்கும் குமுளிக்கும் ஜீப்பு ஓட்டிக்கிட்டு அங்கனயே கெடக்காரு. மருந்தடிக்க ஆளுக்கு நான் ஒவ்வொரு தடவையும் ஊரெல்லாம் கெஞ்சணும். வேணாம்னு மிஷினே சொல்லுதே, நல்லதாப் போச்சுன்னு இருந்துட்டேன்."

"மத்த தோட்டத்துலயும் இப்படித்தான் இருக்கா?"

"அவுகளுக்கென்ன? முத்துராஜா அண்ணன் தோட்டத்தப் போய்ப் பாரு, தளதளன்னு நிக்கிது. வாரம் ரெண்டு தரம் அடிக்கிறாக. ஒன் மெசேஜ எவன் பாத்தான்? சோசப்பு மக ஆசப்பட்டுச்சு, எழுதிக் குடுப்போம்னு எழுதிக் குடுத்தாக. நான் ஒருத்திதான் கிறுக்கி மாதிரி நம்புனேன்."

இவாஞ்சலின் நேராகக் கருவி தொங்குகிற இடத்துக்குப் போனாள். போனவள் அப்படியே நின்றுவிட்டாள். பச்சைத் தகட்டைச் சுற்றி, உரச்சாக்கின் உள்ளே இருக்குமே அந்தக் கெட்டிப் பாலித்தீன் கவர், அதைப் போட்டுச் சணலால் மூன்று சுற்றுச் சுற்றி, அவிழவே அவிழாதபடி முடிச்சுப் போட்டிருந்தது. ஒரு சொட்டு உள்ளே போக வழியில்லை.

"இத யாரு கட்டுனது?"

"ஒங்கப்பாதான். பொங்கலுக்கு முந்தி அன்னைக்குக் கொட்டுச்சுல்ல மழை, அந்த மழையில தொப்பலா நனைஞ்சுக்கிட்டு டி.வி.எஸ்.ல வந்தாக. பத்துத் தோட்டத்துக்கும் போய்க் கட்டிட்டு வாரேன், நனைஞ்சா கெட்டுரும்னு எம் மக சொல்லிருக்கா, யாரும் கழட்டிராதீகன்னு சொல்லிட்டுப் போனாக. நான் கை வைக்கல தாயி."

அப்பா சொன்னது உண்மைதான். நவம்பரில் கருவி மாட்டும்போது, பெட்டிக்குள் தண்ணீர் போகக் கூடாது, நனைந்தால் போச்சு என்று இவள்தான் படித்துப் படித்துச் சொன்னாள். பெட்டி வேறு தகடு வேறு என்று சொல்ல வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

"அத்தை, இந்தத் தகடு நனையிறதுக்குத்தான் இங்கன தொங்குது. இலை நனைஞ்சா இதுவும் நனையணும். அப்பத்தான் அதுக்குத் தெரியும்."

ஞானபாக்கியம் கவரைப் பார்த்தாள். கருகிய குலைகள் கிடந்த கூடையைப் பார்த்தாள். "அப்ப அஞ்சு வாரமா அந்தக் கவருக்குள்ள காஞ்சிருக்குன்னுதான் எனக்குச் சேதி சொல்லுச்சா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். அவள் அழுதிருந்தால் கூடத் தேவலை என்று இருந்தது இவாஞ்சலினுக்கு.

கத்தரியை வாங்கிச் சணலை அறுத்துக் கவரை உருவினாள். ஞானபாக்கியம் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "அந்தப் பாரம் கொண்டாந்தியா? ஒங்கப்பா எனக்கு மட்டும் குடுக்கல" என்றாள். படிவத்தைக் கூடையின் விளிம்பில் வைத்து, பேனாவை அழுத்தி எழுதினாள். 'இந்த மிஷினை நம்பி அறுபது சென்ட்டில் பாதி போச்சு. பாக்கி நிக்கிறதுக்குப் பதில் சொல்லவும். ஞானபாக்கியம்.'

வீட்டுக்கு வந்தவள் கவரைக் கொண்டுபோய் அப்பாவின் மடியில் போட்டாள். மரிய ஜோசப்புக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. புரிந்ததும் முகம் சுருங்கிப் போனது.

"நனையக் கூடாதுன்னு நீதானத்தா சொன்ன…"

"பெட்டியச் சொன்னேன்! சரி, அது தெரியாம செஞ்சீக. அத்தை தோட்டம் போனது தெரியும்ல? அத ஏன் சொல்லல?"

"பரீட்சை நேரத்துல…"

"பரீட்சை முடியுறப்போ கொடியும் முடிஞ்சிருக்கும்ப்பா! ஒரு வார்த்தை சொல்லிருந்தா மறுநாளே கவரப் பிச்சு எறிஞ்சிருப்பேன். பாதித் தோட்டம் தப்பிச்சிருக்கும்."

"அப்பாவப் பாத்து என்ன சத்தம்?" என்று அம்மா சமையலறையிலிருந்து வந்தாள். "ஒனக்குக் கஷ்டம் தெரியக் கூடாதுன்னுதான் அவரு வீடு வீடாப் போயி எழுதி வாங்கிட்டு வந்தாரு. நன்றி கெட்டவளே."

வீடு வீடாகப் போய். அந்த மூன்று வார்த்தையில் தொண்ணூறு நாளும் சரிந்து விழுந்தது. பத்து வாடிக்கையாளர்கள் என்று அவள் மார்தட்டிக்கொண்டது எல்லாம் அப்பாவின் முகத்துக்காகப் போட்ட கையெழுத்துகள். அவளுக்கு ஓவென்று கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினால் பக்கத்து வீட்டுக்காரர்கள் பரீட்சைப் பயம் என்பார்கள். அந்த ஆத்திரம் வேறு.

மாலைவரை அப்பாவும் மகளும் டி.வி.எஸ். ஃபிப்டியில் போய் மீதி ஒன்பது கவரையும் கழற்றினார்கள். முத்துராஜா மட்டும், "ஏன்த்தா, கவர் போட்டே நல்லா இருந்துச்சே" என்றார்.

திரும்பி வந்ததும் அம்மா கையை நீட்டிக்கொண்டு நின்றாள். கைபேசியின் ஒரு மணி நேரம் முடிந்து வெகு நேரமாகிவிட்டது. "அஞ்சு நிமிசம்" என்று இவாஞ்சலின் அறிக்கையைத் திறந்தாள். ஒன்பது 'மிகவும் நன்று'களையும் அப்படியே அனுப்பினால் யாருக்கும் தெரியாது. சென்னையிலிருந்து யார் வந்து இலையைத் திருப்பிப் பார்க்கப் போகிறார்கள்? அந்த அஞ்சு நிமிடத்தில் மூன்று நிமிடம் அவள் அதைத்தான் யோசித்தாள். நாமக்கல் விடுதியின் இரும்புக் கட்டில் கூடக் கண்ணுக்குத் தெரிந்தது.

பிறகு பெரிய எழுத்தில் போட்ட முக்கால் பங்கு மிச்சத்தை அழித்தாள். ஒன்பது படிவங்களை நீக்கினாள். பத்தாவதை மட்டும் படமெடுத்துச் சேர்த்தாள். கீழே எழுதினாள். 'பத்துப் பேரில் ஒன்பது பேர் எங்கள் செய்தியைப் பின்பற்றவில்லை. பின்பற்றிய ஒருவருக்குப் பெரிய நஷ்டம். காரணம், நனைய வேண்டிய தகட்டின் மேல் ஐந்து வாரமாகப் பாலித்தீன் கவர். கட்டியவர், நிறுவனத்தின் இயக்குநர். கட்டச் சொன்னது போல் பேசியவர், நிறுவனர்.' அனுப்பினாள். பத்துப் படிவம் கேட்டவர்களுக்கு ஒன்று. முடிந்தது கதை. கைபேசி பீரோவுக்குப் போயிற்று, சாவி அம்மாவின் இடுப்புக்குப் போயிற்று.

திங்கட்கிழமை விடியற்காலை ஐந்தரைக்கு அப்பாவின் போன் அடித்தது. உப்புப் பகுப்பாய்வை உருப்போட்டுக்கொண்டிருந்த இவாஞ்சலினுக்கு, கூடத்தில் அம்மா எடுத்துப் பேசுவது கேட்டது.

"யாரு, ஞானபாக்கியமா? பிள்ளைக்கு இன்னைக்குப் பரீட்சைம்மா. சாயங்காலம் பேசு."

அம்மா துண்டிக்கப் போன நேரத்தில் அப்பா போனைப் பிடுங்கிவிட்டார். பிடுங்கியவர் நேராக வந்து மகளின் வேதியியல் புத்தகத்தின் மேல் அதை வைத்தார்.

"ஏத்தா, இன்னைக்கு மருந்து தேவைன்னு வந்திருக்கு" என்றது ஞானபாக்கியத்தின் குரல். "நம்பலாமா? இல்ல இதுவும் பழைய கூத்துத்தானா?"

"தோட்டத்துலயா இருக்கீக? ஒரு இலையத் தொட்டுப் பாருங்க அத்தை."

கொஞ்ச நேரம் சருகு மிதிபடும் சத்தம். "சொதசொதன்னு இருக்கு."

"தகட்டத் தொடுங்க."

"அதுவும்தான்."

"அப்ப நம்பலாம். ஈரம் காஞ்சதும் மொதல்ல நல்லா நிக்கிற பக்கம் அடிங்க. ஆளு கிடைக்குமா?"

"கெஞ்சித்தான் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு ஞானபாக்கியம் வைத்துவிட்டாள்.

அப்பா இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். "நம்ம தோட்டத்துக்கு என்ன வந்திருக்குத்தா?"

இவாஞ்சலின் நிமிர்ந்து பார்த்தாள். அடங்கியிருந்த ஆத்திரமெல்லாம் திரும்ப ஏறியது. "எங்கிட்ட ஏன் கேக்குறீக? ஒங்க போனுக்குத்தான் வருது. தொண்ணூறு நாளா வருது."

அவர் போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, செய்திகள் இருக்கும் இடத்தைத் தேடிக் கண்டுபிடித்தார். 'ஈரம்' என்ற பெயருக்கு எதிரில், படிக்காதவை 90 என்று இருந்தது. கடைசியாக வந்ததைத் திறப்பார் என்று பார்த்தால், விரலால் தள்ளித் தள்ளி அடிவரைக்கும் போனார். பிறகு வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார்.

"நவம்பர் பத்தொன்பது. இன்று மருந்து தேவை."